இருபத்திரண்டு கிலோமீட்டர்

மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி
பஸ்ஸில் ஒரு மணி நேரம்.
ராத்திரி தங்குவானேன் என்றார் வீட்டுக்காரம்மா.
ஒரு கல்யாணம் என்றேன்.
யாருக்கு என்று நல்லவேளை கேட்கவில்லை.

அறவாழிக்கு சிப்காட்டில் மூன்று ஷிப்டும் மாறி மாறி.
எனக்குப் பெரியாஸ்பத்திரியில் பிரசவ வார்டு.
நான் எழுந்த குழியில் அவர் படுப்பார்.
எங்கள் மெத்தை ஆறியதே இல்லை,
ஆனால் அதில் இரண்டு தலை சேர்ந்து கிடந்தது
போன தீபாவளிக்கும்
அவருக்கு டைபாய்டு வந்த வாரத்திலும்தான்.

சனிக்கிழமை அவருக்கு ஆஃப், எனக்கு மாற்று விடுப்பு.
பதினேழு வாரம் காலண்டரோடு மல்லுக்கட்டிப் பிடித்த நாள்.

போனில் அறைகளைத் தள்ளிக்கொண்டே வந்தார்.
கடல் தெரியும் அறை, ஆறாயிரத்து ஐந்நூறு.
நம்ம சில்வர் பீச்சில் ஓசியில் கிடக்கிற
அதே தண்ணிதானே, என்றார்.
டூமாஸ் தெருவில் மஞ்சள் சுவர், காகிதப்பூ,
வெளியூர்ப் பிள்ளைகள் வரிசையில் நின்று
படம் பிடித்துக்கொள்ளும் நீலக் கதவு.
அதைத் திறந்து நாம் வெளியே வந்தால்
யார் படத்திலாவது விழுவோம், என்றேன்,
அது சுற்றிச் சுற்றி எந்த மாமாவுக்குப் போகுமோ.
ஆசிரம விடுதி மலிவு, சுத்தம்.
பத்தரைக்கு கேட்டைச் சாத்திவிடுவார்களாம்.
மணி பார்த்து நடந்தது போதும்.
பஸ் ஸ்டாண்ட் எதிரே எண்ணூறு ரூபாய் லாட்ஜ்,
கீழே பார், மேலே படுக்கை.
அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாமல்
அடுத்ததற்குத் தள்ளினார்.

முத்தியால்பேட்டை நாத்தனார் பேரை
இரண்டு பேருமே எடுக்கவில்லை.
அவள் வீட்டு மாடியில் ஒரு ரூம் சும்மாதான் கிடக்கிறது.
போனால் வஞ்சிரம் வறுப்பாள், புதுப் போர்வை எடுப்பாள்,
விடிய விடியக் கட்டிலோரம் உட்கார்ந்து
அண்ணனிடம் பாகப்பிரிவினை பேசுவாள்.

கடைசியில் நானே கூப்பிட்டேன்,
வைசியாள் வீதிப் பக்கம் ஒரு பழைய வீட்டு விடுதிக்கு.
எடுத்தவர் லூர்துநாதன்.
ஏசி உண்டா, காலையில் டிபன் உண்டா,
இப்படித்தான் கேட்பேன் என்று காத்திருந்திருப்பார்.
ஜன்னல் எந்தத் திசை, என்றேன்.
திரைச்சீலை கெட்டியா?
சங்கு, சைரன் ஏதாவது காதில் விழுமா?
கொஞ்ச நேரம் பதில் இல்லை.
பின்பக்கம் ஒரு ரூம் இருக்கும்மா,
ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவருதான்,
யாரும் எடுக்க மாட்டாங்க, பாதி விலைக்குத் தரேன்.

அதுதான், என்றேன். அதேதான்.

நடுப்பகலில் சாவி வாங்கினோம்.
ஆதார் நகலை இரண்டு தடவை படித்துவிட்டு
கடலூரா, என்று மட்டும் கேட்டார்.
சுவரைப் பார்த்த ஜன்னலுக்கும் திரையை இழுத்தார் அறவாழி.
நிறையப் பேச வைத்திருந்தோம்,
டாக்டர் சொன்னது, சீட்டுப் பணம்,
வீடு மாற்றுவதா வேண்டாமா.
இருட்டில் அந்த ரசாயன வாடை.
வழக்கமாய்க் காலித் தலையணையில் முகர்வது,
இன்றைக்கு அதற்குள் ஓர் ஆள் இருந்தார்.
பாதி வாக்கியத்தில் குறட்டை விட ஆரம்பித்தார்.
குறட்டை விடுவார் என்பதே எனக்கு மறந்திருந்தது.
மீதி என்ன என்று உலுக்கிக் கேட்கக்
கையைத் தூக்கியது ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் பத்து மணிக்குச் சாவியைத் திருப்பினோம்.
காந்தி சிலை பார்த்தீங்களா,
சாயங்காலம் பீச் ரோட்டில் வண்டியே விட மாட்டாங்களே,
காலாற நடந்தீங்களா?
இல்லைங்க.
சரி, ரூமாவது நல்லா இருந்ததா?
அறவாழி யோசித்துவிட்டுச் சொன்னார்,
பார்க்கலைங்க.

அரியாங்குப்பம் தாண்டும்போது நாத்தனார் போன்.
எங்க இருக்கீங்க அண்ணி, பஸ் சத்தம் கேக்குதே?
டூட்டிக்குப் போறேன், என்றேன்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் பஸ் குதித்தது,
என் தோளில் அவர் தலையும்.
எழுப்பவில்லை.
ரெண்டு மணிக்குத்தான் பி ஷிப்டு.